கயிறு பிடிப்பவர் யார்?

முத்துக்குளித்துறையில் பிறந்து வளர்ந்தோர்க்கு நாம் கூறப்போகும் இச்செய்தி புதியதன்று. கடலின் அடியில் இறங்குபவர் ஒருவர். தோணியில் நின்று கயிறு பிடிப்பவர் மற்றொருவர். இறங்குபவர் கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்திற்குச் சென்று, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் இடுவார். பின்னர்க் கயிற்றை அசைப்பார். அந்த அசைவை உணர்ந்த கணமே மேலே நிற்பவர் இழுத்தாக வேண்டும். அவர் பக்கத்தில் இருப்பவரோடு கதை பேசிக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர் கதி என்ன? ஆகவேதான் கயிறு பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராக, அதாவது மைத்துனராக இருத்தல் வேண்டும் என்னும் வழக்கம் இருந்ததாக நம் கடற்கரையில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது என்னும் நினைவு உள்ளவன் கண் அயரமாட்டான் என்பது முன்னோர் கண்ட கணக்கு.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடைபெற்றது. அதற்குப் பின்னர் அந்தக் காட்சியை நாம் காணவில்லை. ஆனால் ஒருவர் தம் உயிரை மற்றொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அந்தரத்தில் நிற்கும் நிலை மறைந்துவிடவில்லை. திருவிழாத் திடலில் சுழலும் ராட்டினத்தில் நம் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கீழே நின்று கையசைக்கிறோமே, அப்பொழுது கயிறு பிடிப்பவர் யார்? விசைப்பலகையின் அருகே, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அந்த இருபது வயது இளைஞர்தாம். அவர் நமக்கு மைத்துனர் அல்லர். அவர் பெயரும் நமக்குத் தெரியாது.

ஆண்டுதோறும் ஜூலை 26-ஆம் நாள் பனிமய அன்னையின் கொடி ஏறியது முதல் ஆகஸ்டு 5-ஆம் நாள் வரை தூத்துக்குடிக்கு வரும் மக்கள் திரளை நாம் அறிவோம். மணப்பாட்டில் செப்டம்பர் 14, உவரியில் அந்தோணியார் திருவிழா என்று நம் கடலோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடும் இடத்தில் கடைகளும், கடைகளைத் தொடர்ந்து ராட்டினங்களும் வருவது இயல்பு. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சென்னைக்கோ மதுரைக்கோ செல்வோர் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்களையும் பார்க்காமல் திரும்புவதில்லை. இதைக் குறை கூற நாம் எழுதவில்லை. பிள்ளைகள் மகிழ வேண்டும், பெற்றோரும் மகிழலாம். ஆனால் அங்கே ஒருவர் மயங்கி விழுந்தால், கை முறிந்தால், வலிப்பு வந்தால், அங்குள்ள பணியாளர் என்ன செய்வார், என்ன செய்ய வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நாளிதழில் இடம் பெறுவன, உயரத்திலிருந்து விழுந்த செய்திகள் மட்டுமே. பூங்காவின் முதலுதவி அறைக்கு நாள்தோறும் வருவோர் வேறு வகையினர். வெயிலில் வரிசையில் நின்று தலை சுற்றியவர்கள். காலை உணவு உண்ணாமல் வந்த நீரிழிவு நோயாளர். சுழலும் சவாரியில் வயிற்றைக் குமட்டி வாந்தி எடுத்த சிறுவர். ஈரத் தரையில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட தாய்மார். மார்பு வலியை வாயுத் தொல்லை என்று நினைத்துச் சோடா கேட்கும் பெரியவர். இவர்களுள் நூற்றில் பெரும்பாலோர் ஒரு மணி நேர ஓய்வில் தேறிவிடுவர். எஞ்சிய சிலருக்கோ முதல் பத்து நிமிடமே வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. எவர் எந்த வகை என்பதைப் பார்த்தவுடன் அறிய இயலாது. அதுவே இப்பணியின் கடினம்.

நன்கு நடத்தப்படும் பூங்காக்களில் பணியாளருக்குக் கற்பிக்கப்படும் ஒழுங்கு ஏறத்தாழ எங்கும் ஒன்றே. எதையேனும் தவறாகக் கண்டால் முதலில் சவாரியை நிறுத்த வேண்டும். காரணத்தைப் பிறகு ஆராயலாம். காயமுற்றவரிடம் ஓடிச் செல்லும் முன் தனக்கும் பிறருக்கும் அங்கே ஆபத்து உண்டா என்று பார்க்க வேண்டும். சுழலும் பொறியின் கீழே பாய்ந்து சென்று தாமே அடிபட்ட பணியாளரும் உண்டு. அடுத்து, கையில் உள்ள வானொலிக் கருவியில் முதலுதவிக் குழுவை அழைத்து, இடத்தையும் நிலைமையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். குழு வரும்வரை அவர் அருகைவிட்டு அகலக் கூடாது. மற்றொரு பணியாளர் கூட்டத்தை விலக்கி வழி செய்வார். இன்னொருவர் வாயிலில் நின்று மருத்துவ ஊர்திக்கு வழி காட்டுவார். குழந்தை காயமுற்றிருந்தால் தாயையும் தந்தையையும் பிரிக்காமல் உடன் வைத்திருக்க வேண்டும். இவை முடிந்தபின், என்ன நேர்ந்தது, எப்பொழுது, யார் பார்த்தனர், என்ன செய்யப்பட்டது என்பவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சவாரியைப் பொறியாளர் சோதித்துக் கையொப்பமிடாமல் மீண்டும் இயக்கக் கூடாது.

எளிய ஒழுங்குதான். ஆயினும் வரிசையில் முந்நூறு பேர் காத்திருக்க, மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் இளைஞர் விசையை அமர்த்தி எல்லாவற்றையும் நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை நிர்வாகம் முன்கூட்டியே அவருக்கு வழங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1955-இல் தொடங்கப்பட்ட டிஸ்னிலாந்தின் நிறுவனம் தன் பணியாளருக்கு நான்கு விதிகளை வரிசைப்படுத்திக் கற்பித்தது: பாதுகாப்பு, மரியாதை, காட்சி, செயல்திறன். வரிசை முக்கியம். இரண்டு விதிகள் முரண்பட்டால் முன்னதே வெல்லும். விரைவாக ஆள்களை ஏற்றி அனுப்புவது கடைசியில்தான் வருகிறது. அங்கே பாதுகாப்புக்காகச் சவாரியை நிறுத்தும் பணியாளர் விதியைக் கடைப்பிடித்தவர் ஆகிறார்.

இதற்கு மாறாக நடந்தால் என்ன விளையும்? இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் என்னும் பூங்காவில் 2015-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அங்கே ‘ஸ்மைலர்’ என்னும் ரோலர் கோஸ்டர் பதினான்கு முறை பயணிகளைத் தலைகீழாகப் புரட்டும் புகழ் பெற்றது. அன்று ஆளில்லாச் சோதனை வண்டி ஒன்று பாதையின் பள்ளத்தில் நின்றுவிட்டது. கணிப்பொறி அதை உணர்ந்து, பின்னால் வந்த வண்டியைத் தடுத்து நிறுத்தியது. பொறி தன் கடமையைச் செய்தது. ஆனால் அங்கிருந்த பொறியாளர்கள் பாதையில் வேறு வண்டி இல்லை, கணிப்பொறிதான் தவறு செய்கிறது என்று கருதி அதன் தடையை நீக்கிவிட்டனர். 16 பேர் அமர்ந்திருந்த வண்டி நின்றிருந்த வண்டியின்மீது மோதியது. ஐவர் கடுங்காயமுற்றனர், இளம் பெண்கள் இருவர் கால் இழந்தனர்.

மோதல் ஒரு கணத்தில் முடிந்தது. அதன் பின்னர் நடந்ததுதான் நம் பொருளுக்கு உரியது. அவசர உதவிக்கான தொலைபேசி அழைப்பு 17 நிமிடங்கள் கழித்தே சென்றது. மீட்பவர்கள் வந்த பின்னரோ, ஏறத்தாழ இருபது அடி உயரத்தில் சாய்ந்து நின்ற வண்டியை அடைய வழி இல்லை. மேடை கட்டி, இரும்பை அறுத்து, அனைவரையும் இறக்குவதற்கு நான்கு, ஐந்து மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர்கள் வலியோடு அங்கேயே இருந்தனர். அவ்வளவு உயரத்தில் வண்டி நின்றால் எப்படி இறக்குவது என்று அந்தச் சவாரியை அமைத்த நாளிலேயே எண்ணியிருக்க வேண்டாமா? 2016-ஆம் ஆண்டு நீதிமன்றம் பூங்காவின் உரிமை நிறுவனத்திற்கு 50 இலட்சம் பவுண்டு தண்டம் விதித்தது.

மற்றொரு நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவில் அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 25-ஆம் நாள், ட்ரீம்வேர்ல்டு என்னும் பூங்காவில் நடந்தது. வட்ட வடிவத் தெப்பத்தில் அமர்ந்து ஓடும் நீரில் மிதந்து செல்லும் சவாரி அது. சிறு பிள்ளைகளும் ஏறக்கூடியது என்று எல்லோராலும் கருதப்பட்டது. அன்று நீரேற்றும் பம்பு முன்னரே இரண்டு முறை நின்றுபோயிருந்தது. மூன்றாம் முறை நின்றபோது நீர் மட்டம் தாழ்ந்து ஒரு தெப்பம் தடத்தில் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த தெப்பம் அதன்மீது மோதிக் கவிழ்ந்து, நகரும் பட்டையில் அகப்பட்டது. நால்வர் மாண்டனர், அதே தெப்பத்தில் இருந்த சிறுவர் இருவர் பிழைத்தனர்.

அங்கே நின்ற பணியாளர்களுள் ஒருவருக்கு அந்தச் சவாரியில் அதுவே முதல் நாள். அன்று காலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அவருக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தியிருந்தால் பட்டை 2 நொடிகளில் நின்றிருக்கும். ஆனால் அப்பொத்தானைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை என்னும் கருத்திலேயே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது எவ்வளவு விரைவாகப் பட்டையை நிறுத்தும் என்பதும் அவருக்குத் தெரியாது. இந்த விவரங்கள் மரண விசாரணையில் வெளிவந்தன. 2020-இல் அந்த நிறுவனத்திற்கு 36 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கயிற்றை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அது எதற்கு என்று சொல்லாமல் விட்ட கதையன்றோ இது!

நம் நாட்டுச் செய்திகளும் ஆறுதல் தருவனவாக இல்லை. 2012-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பூந்தமல்லிப் பகுதியில் ஒரு பூங்காவில் சுழலும் சவாரியிலிருந்து விழுந்து இளம் பெண் ஒருவர் உயிரிழந்தார். 2016 மே மாதம் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவில் புதிய சவாரி ஒன்றைச் சோதித்தபோது அது முறிந்து விழுந்தது. மாண்டவரும் காயமுற்றவர்களும் அப்பூங்காவின் பணியாளர்களே. 2019 ஜூலையில் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரையில் ஊஞ்சல் போன்ற சவாரி முறிந்து இருவர் இறந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 2022 செப்டம்பரில் மொகாலியில் பொருட்காட்சித் திடலில் உயரக் கோபுரச் சவாரி ஒன்று பலரோடு தரையில் வந்து விழுந்தது. 2025 மே 27-ஆம் நாள் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ஏறத்தாழ முப்பது பேர் உயரத்தில் நின்றுபோன சவாரியில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டனர். தீயணைப்புப் படையினர் உயர்தூக்கி ஊர்தி கொண்டு வந்து ஒவ்வொருவராக இறக்கினர். நல்ல வேளையாக எவருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் நின்றுபோன சவாரியிலிருந்து ஆள்களை இறக்கும் ஏற்பாடு பூங்காவிடமே இருந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி, பத்து ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுந்த அதே கேள்விதான். இத்தகைய சவாரிகளின் பாதுகாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தர விதிகள் வகுத்திருக்கிறது. ஏட்டில் இருப்பது திடலுக்கு வந்து சேர்வதுதான் அரிது.

இவற்றையே சொல்லிக்கொண்டிருந்தால் வாசகர் மனம் சோர்ந்துவிடும். நன்றாக நடந்த ஒன்றையும் சொல்லுவோம். 2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானைப் பெரும் நில நடுக்கம் உலுக்கியபோது தோக்கியோவின் இரண்டு டிஸ்னி பூங்காக்களில் ஏறத்தாழ 70,000 பேர் இருந்தனர். பணியாளரில் மிகப் பெரும்பாலோர் பகுதி நேர ஊழியர்கள். மாணவ மாணவியர் பலர். மேலிடத்து ஆணைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. கடைகளில் விற்பனைக்கு இருந்த மென்மையான பொம்மைகளை எடுத்து வந்து, தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் கொடுத்தனர். கடைப் பொருள்களை விலை வாங்காமல் கொடுப்பதா என்று எவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மாலையில் குளிர் மிகுந்தபோது பிளாஸ்டிக் பைகளையும் அட்டைப் பெட்டிகளையும் போர்த்திக்கொள்ளத் தந்தனர், தின்பண்டங்களைப் பகிர்ந்தளித்தனர். ரயில்கள் ஓடாமையால் ஏறத்தாழ 20,000 பேர் இரவை அங்கேயே கழித்தனர். இது திடீரென வந்த ஞானம் அன்று. ஆண்டில் ஏறத்தாழ 180 முறை அவர்கள் ஒத்திகை பார்ப்பது வழக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழகியதை அந்நாளில் செய்தனர், அவ்வளவே.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயம் கட்டியவரைப் போற்றுகிறோம். கண்டும் காணாமல் சென்றவர்களைக் கடிகிறோம். ஆனால் அந்தச் சத்திரக்காரரைப் பற்றி எவரும் மறையுரை ஆற்றி நாம் கேட்டதில்லை. சமாரியர் மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டுத் தம் வழியே போய்விட்டார். அதன் பின்னர்க் காயத்தைக் கழுவியவர் யார்? நீர் கொடுத்தவர் யார்? இரவில் முனகல் கேட்டு எழுந்தவர் யார்? கூலிக்குப் பணியாற்றிய அந்தச் சத்திரத்து ஆள்கள்தாம். கூலி பெற்றமையால் அவர்கள் செய்தது குறைந்துவிடுமா? பூங்காவிலும், பேருந்திலும், துறைமுகத்திலும், திருவிழாத் திடலிலும் நம்மைக் கவனிப்போர் அந்தச் சத்திரக்காரர் மரபினர். அவர்களுக்குப் பயிற்சியும் கருவியும் தந்து வைப்பது, இரண்டு தெனாரியம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருச்செந்தூர்க் கடலில் நீராடுவோர் திரளை நாம் அறிவோம். அலை இழுத்துப் பாறையில் மோதிக் கால் முறிந்தவர்களையும், நிலை தடுமாறி மூழ்கியவர்களையும் அங்குள்ள கடல் பாதுகாப்புப் பணியாளர்கள் அலையில் இறங்கித் தூக்கி வந்து, முதலுதவி செய்து, 108 ஊர்தியில் மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கிறார்கள். கடலோர ஊர்களில் பிறந்து நீச்சலை நடைபோலக் கற்றவர்களுக்கே இப்பணி இயல்பாக வரும். சிப்பிக்காக மூழ்கிய கலை மனிதரை மீட்கவும் பயன்படுகிறது. மக்கள் கூடும் நம் முத்துநகர்க் கடற்கரையிலும், முயல் தீவுப் பகுதியிலும் விடுமுறை நாள்களில் இத்தகையோர் நின்றால் எவ்வளவு நன்மை!

கடல் என்றதும் நினைவுக்கு வருகிறது. சொறி பட்டு உடல் தடித்து எரியும்போது நம் மக்கள் உடனே நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுவர். சிலர் மணலை அள்ளித் தேய்ப்பர். இரண்டும் தவறு. உடலில் ஒட்டியுள்ள நுண்ணிய நச்சுப் பைகள் நல்ல நீர் பட்டால் மேலும் வெடிக்கும். கடல் நீரையே ஊற்றிக் கழுவி, ஒட்டியுள்ள இழைகளைத் துணியோ சாமணமோ கொண்டு எடுத்துவிட்டு, மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறல் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

இது போன்று அன்பினால் நாம் செய்யும் பிழைகள் பல. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர்களில் இன்னும் நின்றபாடில்லை. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாகவே ஓரிரு நிமிடத்தில் அடங்குகிறது, புகழைச் சாவி பெற்றுக்கொள்கிறது. செய்ய வேண்டியது, அருகில் உள்ள கல், நாற்காலி போன்றவற்றை அகற்றித் தலைக்கு அடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, வலிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைப்பதே. வாயில் எதையும் நுழைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். அவ்வாறே மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவது பேராபத்து. அது மூச்சுக் குழலுக்குள் சென்றுவிடும். வெயிலால் வாடியவர் நினைவோடு இருந்தால் நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலை நனைத்து விசிறி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உடல் அனலாகக் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெப்ப வாதம், உடனே மருத்துவமனை.

உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்து நால்வர் தூக்கி ஆட்டோவில் மடித்து உட்கார வைக்கும் காட்சியை நாம் எங்கும் காண்கிறோம். முறிந்த கழுத்தெலும்பு அப்போதுதான் தண்டுவடத்தை அறுக்கிறது. பிழைத்தவர் பின்னர் வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடக்கிறார். ஆபத்தான இடமாக இல்லாவிட்டால் அசைக்காமல், தலையை இரு கைகளாலும் நிலையாகப் பிடித்துக்கொண்டு, பலகையோடு ஊர்தி வரும்வரை காத்திருப்பதே முறை. மூச்சும் நாடியும் நின்றவருக்கு மட்டும் காத்திருத்தல் கூடாது: நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழம் தாழும்படி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கோ, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதும் தொடக்கத்திலேயே வேண்டும். இதைப் படித்தறிவதைவிட ஒரு பிற்பகல் நேரம் பழகி அறிவது மேல். செவிலியராகப் பணிபுரியும் சகோதரிகளும் பெண்களும் இல்லாத பங்கு நம் கடற்கரையில் ஏது? அவர்களே கற்பிக்கலாம்.

இனி, திருவிழாத் திடலுக்கு வருவோம். ராட்டினக்காரருக்கு இடம் விடும்போது விழாக் குழுவினர் வாடகையைப் பற்றி நெடுநேரம் பேசுவர். மின் இணைப்பு, தீயணைப்பு, காவல் துறை ஆகியோரின் அனுமதித் தாள்களையும் கேட்பர். நல்லது. அதோடு இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். விசையை நிறுத்தும் பொத்தான் எது, அதை இயக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? மின்சாரம் நின்றால் உச்சியில் இருப்பவரை எப்படி இறக்குவீர்கள்? அதை இப்பொழுதே, ஆளில்லாத தொட்டிலை வைத்துச் செய்து காட்டுங்கள் என்று சொல்லலாம். கடைகள் போட்டு அடைத்த தெருவில் 108 ஊர்தி நுழைய வழி எது என்பதைக் கொடியேற்றத்திற்கு முன்பே தரையில் கோடு போட்டு ஒதுக்க வேண்டும். கொடி ஏறிய பிறகு ஒரு சுண்டல் வண்டியைக்கூட நகர்த்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தங்கத் தேர் உலா போன்ற நாள்களில் முதலுதவி நிலையங்கள் எங்கெங்கே உள்ளன என்பதை ஒலிபெருக்கியில், காணாமற்போன குழந்தைகளின் அறிவிப்போடு சேர்த்துச் சொல்லலாம்.

இதற்கெல்லாம் செலவு ஆகுமே என்பார்கள். ஆகத்தான் செய்யும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். முத்துக் குளிப்போரைக் கடலின் கொடிய மீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுவோருக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாம். மந்திரத்தால் சுறாவின் வாய் கட்டப்படும் என்று நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இலாபத்தைப் பங்கிடும் முன்பே காவலுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்தார்கள், பாருங்கள், அது நமக்குப் பிடித்திருக்கிறது. இன்று திடல் வாடகையில் இருபதில் ஒரு பங்கை எந்த விழாக் குழு முதலுதவிக்கு ஒதுக்குகிறது?

பெற்றோர்க்கும் ஒரு சொல். உயர அளவுகோலின் கீழே நம் பிள்ளையின் தலை ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க, பணியாளர் மறுத்தால், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, ஏற்றிவிடு தம்பி’ என்று ஐம்பது ரூபாயை நீட்டுவது நாமே. உடலைப் பிடித்து நிறுத்தும் கம்பியும் பட்டையும் குறிப்பிட்ட அளவுள்ள உடலுக்காக அமைக்கப்பட்டவை. சிறிய உடல் அதனூடே நழுவும். மறுக்கும் பணியாளரோடு சண்டையிடாதீர்கள். அவர் அந்த வேளையில் நம் குடும்பத்தின் மைத்துனராக நடந்துகொள்கிறார்.

ஓர் ஏமாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். ஆல்டன் டவர்ஸிலும் ட்ரீம்வேர்ல்டிலும் வழக்கு நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்டது. தண்டமும் நிறுவனத்தின்மீதே விழுந்தது. நம் நாட்டில் விபத்து நடந்த மாலையிலேயே கைதாவோர் வரிசையில், விசையருகே நின்ற கூலித் தொழிலாளியும் இடம் பெறுகிறார். அகமதாபாத்திலும் பொறுப்பாளர்களோடு ராட்டினத்தை இயக்கியவர்களும் கைதாயினர். தவறு செய்தவர் தப்பக் கூடாது என்பது உண்மையே. ஆனால் அவருக்கு எத்தனை நாள் பயிற்சி தரப்பட்டது, யார் தந்தார், அதற்கு ஏடு உண்டா என்ற கேள்விகள் அந்த மாலையில் எழுவதில்லை. ஆகவே கைது அஞ்சி ஓடிவிடும் பணியாளரும் உண்டு. காயமுற்றவருக்கு அருகில் நிற்க வேண்டிய ஒரே ஆள் அப்பொழுது திடலிலேயே இருப்பதில்லை.

ஊர் ஊராகச் செல்லும் ராட்டினக் குழுவினரின் வாழ்வை விழாக் குழுவினர் அருகில் சென்று பார்த்தால் நன்று. நள்ளிரவு வரை ராட்டினம் சுழலும்; அதன் பிறகே உணவு; பொறியின் அருகே விரித்த தார்ப்பாயில் உறக்கம்; விழா முடிந்த இரவே கழற்றி லாரியில் ஏற்றி அடுத்த ஊர். ராட்டினத்தில் முதல் குழந்தை ஏறுமுன், அனுமதித் தாள்களைப் பார்த்த பிறகு, விசையருகே நிற்கும் இளைஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘தம்பி, நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்? காலையில் சாப்பிட்டாயா?’